மூடிய சுரங்கமும் மூடக்கூடாத ஏடும்

சுரங்கம் ஒன்று மூடப்பட்டதும் அதன் கதை முடிந்துவிட்டதாகப் பலரும் எண்ணுகின்றனர். தாது எடுப்பது கட்டுப்படியாகவில்லை, தொழிலாளர் கலைந்தனர், வாயில் அடைக்கப்பட்டது, இனி அங்கே அறிவதற்கு என்ன உண்டு என்று கேட்பாரும் உளர். இவ்வெண்ணம் தவறானது, சில வேளைகளில் உயிருக்கே அபாயமானது. மொசாபனிச் செப்புச் சுரங்கத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

இன்றைய ஜார்க்கண்டு மாநிலத்தின் கிழக்குச் சிங்பூம் மாவட்டத்தில் மொசாபனி அமைந்துள்ளது. அதனை உள்ளடக்கிய சிங்பூம் செப்பு மண்டலம் ஏறக்குறைய 160 கிலோமீட்டர் நீளத்திற்கு வில்போல வளைந்து செல்கிறது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட காலத்தில் இங்கே பாறைகள் ஒன்றன்மேலொன்று தள்ளப்பட்டு, அரைபட்டு, தகடு தகடாக மாறின. அவ்வாறு நொறுங்கிய பகுதிகளின் வழியே ஊடுருவிய வெந்நீர்க் கரைசல்கள் செம்பு, இரும்பு ஆகியவற்றின் கந்தகச் சேர்க்கைகளைப் படியச் செய்தன. முதன்மையான தாது சால்கோபைரைட். அது தூய நிலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட செம்பைக் கொண்டது. ஆனால் அது பாறையில் மெல்லிய இழைகளாகவே பரவிக் கிடப்பதால், தோண்டியெடுக்கும் கல்லில் நூற்றுக்கு இரண்டு பங்கு செம்பு கிடைப்பதே அரிது. இதே மண்டலத்தில்தான் ஜாதுகுடாவின் யுரேனியத் தாது 1951-இல் கண்டறியப்பட்டது.

நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி, காற்றும் மழைநீரும் இத்தாதுவைச் சிதைத்துப் பச்சை நிற மாலகைட்டாக மாற்றுகின்றன. பாறையின் மேல் படர்ந்த இப்பச்சைக் கறையே பண்டைய சுரங்கத் தொழிலாளருக்கு வழிகாட்டி. அவர்கள் அதைப் பின்பற்றிக் குழிகளும் சரிவுப் பாதைகளும் வெட்டினர். அருகிலேயே உருக்கிக் கசடுகளைக் குவித்தனர். நிலத்தடி நீர் ஊறிய ஆழத்தில், இறைக்கும் வசதியின்றிப் பணியை நிறுத்தினர்.

1854-இல் காப்டன் ஹாட்டன் இம்மாவட்டத்தின் செம்பைப் பற்றி எழுதினார். 1869-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வாலன்டைன் பால், பழைய சுரங்கங்களையும், அவற்றைச் சேராக்குகள் எனப்படும் சமணரோடு இணைக்கும் செவிவழிச் செய்தியையும் பதிவு செய்தார். 1924-இல் இந்தியன் காப்பர் கார்ப்பரேஷன் தோன்றியது; 1930-இல் மௌபந்தாரில் உருக்காலை இயங்கத் தொடங்கியது. 1972-இல் இவை அரசுடைமையாகி இந்துஸ்தான் காப்பர் நிறுவனத்திடம் வந்தன. பின்னர் மொசாபனிச் சுரங்கம் மூடப்பட்டது.

இவ்வரலாற்றில் கருதத்தக்கது ஒன்றுண்டு. நவீன ஆய்வாளர் தாதுவைத் தேடிச் சென்ற இடங்களிலெல்லாம் பழையோர் வெட்டிய குழிகள் அவர்களுக்கு முன்னரே காத்திருந்தன. பெயரறியாத அத்தொழிலாளர் ஏடு எழுதி வைக்கவில்லை. அவர்களுடைய குழிகளும் கசடுகளுமே ஏடுகளாயின. கசட்டுக்குள் சிக்கிய கரித்துண்டைக் கொண்டு கதிரியக்கக் கார்பன் முறையால் உலையின் காலத்தைக் கணிக்கலாம். அக்கசட்டை வாரிச் சாலைக்குக் கொட்டிவிட்டால், அந்தக் காலக்கணக்கும் அதனுடன் போய்விடும். செவிவழிச் செய்தி மட்டுமே எஞ்சும். அதைக் கொண்டு ஆண்டைக் கூற முடியாது.

மற்றொரு காரணம் இதனினும் கடுமையானது. கைவிட்ட சுரங்கத்தில் நீர் தேங்குகிறது. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில், பழைய வெட்டுகளில் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்ததில் 370-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பழைய வெட்டு எங்கே முடிகிறது, அதற்கும் புதிய வெட்டுக்கும் இடையே எவ்வளவு பாறை நிற்கிறது என்பதைத் துல்லியமான வரைபடம் மட்டுமே சொல்லும். செப்புச் சுரங்கத்திற்கும் இது பொருந்தும். இன்று இலாபமற்றதென விடப்பட்ட தாது நாளை தேவைப்படலாம். அன்று அங்கே இறங்குவோருக்கு வரைபடமே காப்பு.

இப்பணிக்குப் பெருஞ்செலவு வேண்டும் என்று சிலர் தயங்குவர். முழுமையான அளவைக்கு அது மெய்யே. ஆயினும் தொடக்கப் பணிக்குக் குறிப்பேடும் ஊக்கமும் போதும். களப்பணியாளர் தம் வட்டாரத்தில் காணும் பழைய குழி, கசட்டுக் குவியல், நிலம் தாழ்ந்த இடம் ஆகியவற்றை வரைபடத்தில் குறித்து, அளவையும் நாளையும் எழுதி, உரிய அலுவலகத்திற்கு அனுப்பலாம். ஆசிரியர்கள் சுரங்க ஊர்களிலுள்ள முதியோரிடம் மாணவரை அனுப்பி, அவர்கள் பணிபுரிந்த தளங்களையும் பயன்படுத்திய கருவிகளையும் கேட்டு எழுதச் செய்யலாம். ஒன்றில் மட்டும் தளர்வு கூடாது: எவரும் பழைய சுரங்கத்தினுள் நுழையலாகாது. அங்கே பிராணவாயு குறைந்திருக்கலாம். கூரை எந்நேரமும் சரியலாம். இருளில் நீரின் ஆழம் தெரியாது.

மொசாபனியின் நிலத்தடித் தளங்களில் உழைத்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். பண்டையோரிடம் கேட்க நமக்கு வழியில்லை, இவர்களிடம் கேட்கலாம். அந்த வாய்ப்பு இந்தத் தலைமுறையோடு முடிந்துவிடும்.