இருபது வருஷம் எரியாது, இருபது வருஷம் கிடக்கும்

மல்லி பறிப்பு நேரம், ராத்திரி ரெண்டு மணிக்கே எழுந்திருக்கிறதால எழுத உட்கார முடியலை. இன்னைக்கு உட்கார்ந்ததுக்குக் காரணம் கோபம். நம்ம வீட்டு சுவர்க் கடிகாரம் போன வாரம் நின்னு போச்சு. கடிகாரம் நிக்கிறது பெரிய விஷயமான்னு கேட்பீங்க. கதையைக் கேளுங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பூந்தமல்லியில ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்குப் போயிருந்தேன். கூட என் மச்சான் பையன், அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை. வழக்கம்போல "பென்சில் கட்டை ரெண்டு குடுங்க"ன்னேன். கடைக்காரர் சிரிச்சார். "இன்னா பெரியவரே, இன்னும் அந்தக் கட்டையே கேக்குறீங்க? லித்தியம் வந்துடுச்சு. இருபது வருஷம் வரும்." அட்டையிலயும் 20 வருஷம்னு பெரிசா போட்டிருந்தது. மச்சான் பையனும், "வாங்கு மாமா, ஒரு தடவை போட்டா நீ மறந்தே போயிடலாம்"னான். ரெண்டு கட்டைக்கு நானூறு ரூபா கிட்ட கொடுத்தேன். ஒன்னைக் கடிகாரத்துல போட்டேன், ஒன்னைப் பீரோவுல வச்சேன்.

ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகலை, முள்ளு நின்னுடுச்சு. எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனேன். அவர் கொஞ்சமும் அசராம சொல்றார்: "அது யூஸ் பண்ணாம வச்சிருந்தா சார் இருபது வருஷம்."

யோசிச்சுப் பார்த்தா அவர் சொன்னது பொய் இல்லை. அட்டையில போட்டிருக்கிற இருபது வருஷம், கட்டை சும்மா கிடந்தா எவ்வளவு நாள் கெடாம இருக்கும்ங்கிற கணக்கு. விதை நெல்லு மூட்டையில எத்தனை மாசம் தாங்கும்னு சொல்றது மாதிரி. விதைச்சா எத்தனை மூட்டை விளையும்ங்கிறது வேற கணக்கு. ஆனா வாங்குறவன் எப்படிப் படிப்பான்னு அட்டை அடிக்கிறவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் அவ்வளவு பெரிய எழுத்துல போடுறான்.

நான் பத்தாவது படிச்சவன். அதனால மச்சான் பையன்கிட்டயும், டிவி ரிப்பேர் பண்ற நம்ம ஊர்ப் பையன்கிட்டயும் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். கட்டையில மூணு சாதி. எல்லாம் ஒரே உயரம், ஒரே பருமன், ஒன்னரை வோல்ட்.

முதலாவது நம்ம அப்பா காலத்துக் கார்பன் கட்டை. நடுவுல கரிக் குச்சி, சுத்தி கறுப்பு மாவு, வெளியில துத்தநாகக் குப்பி. அந்தக் குப்பியே கரைஞ்சுதான் கரண்ட் வருது. அதனாலதான் தீர்ந்த கட்டையை உள்ளேயே விட்டா குப்பி ஓட்டை விழுந்து ஒழுகுது. அப்பா தீர்ந்த கட்டையைக் கூரை மேல வெயில்ல காய வைப்பார், அதுல இன்னும் ரெண்டு நாள் டார்ச் எரியும். நாங்க பசங்க உடைச்சு உள்ளே இருக்கிற கறுப்பு மாவைக் கோவை இலையோட அரைச்சுப் பள்ளிக்கூட போர்டுக்குப் பூசுவோம். அப்ப அந்தக் கட்டை நமக்குத் திருவொற்றியூர்ல இருந்தே வந்தது. எவரெடி ஆலை அங்கதான் இருந்தது. அப்ப அது யூனியன் கார்பைடு கம்பெனியோடது, 1984-ல போபால்ல விஷவாயு விட்ட அதே கம்பெனி. அதுக்கப்புறம் கைமாறிடுச்சு.

ரெண்டாவது ஆல்கலைன். இதுல குப்பி இரும்பு, அது கரையறதில்லை. துத்தநாகம் தூளா நடுவுல இருக்கு. கார்பனை விட ரெண்டு மூணு பங்கு உழைக்கும். இதைக் கொண்டு வந்தவர் லூயிஸ் அர்ரின்னு ஒரு கனடாக்காரர், அவரும் அதே கம்பெனி ஆளுதான். ரெண்டு பொம்மைக் காரை ஆபீஸ் சாப்பாட்டுக் கூடத்துல ஓட விட்டு மேலாளருக்குக் காட்டினாராம். பழைய கட்டை போட்ட கார் கொஞ்ச தூரத்துல நின்னுடுச்சு. புதுசு போட்டது, பார்க்கிறவங்களுக்குச் சலிப்பு வர்ற வரைக்கும் ஓடிக்கிட்டே இருந்தது.

மூணாவதுதான் லித்தியம். கையில எடுத்தா எடையே இருக்காது. ஆல்கலைன் பென்சில் கட்டை 23 கிராம் வரும், இது 15 கிராம். ஒழுகுறது ரொம்ப அரிது. மைனஸ் 40 டிகிரி குளிர்லயும் வேலை செய்யும். ஆவடியில எப்பங்க மைனஸ் நாற்பது வந்தது? மே மாசத்துல நமக்குப் பிளஸ் நாற்பதுதான் வருது!

இப்ப முக்கியமான கணக்கு. கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் இழுக்கிற சாமான்ல, அதாவது கடிகாரம், ரிமோட் மாதிரியானதுல, நல்ல ஆல்கலைன் பென்சில் கட்டை 3,000 மில்லி ஆம்பியர் மணி கிட்ட கொடுக்கும். லித்தியம் 3,500 கிட்ட. அவ்வளவுதான் வித்தியாசம், ஆறுல ஒரு பங்கு. அதுக்கு அஞ்சு மடங்கு விலை. வித்தியாசம் தெரியறது வெறித்தனமா இழுக்கிற சாமான்லதான், கேமரா ஃபிளாஷ் மாதிரி. அங்க ஆல்கலைன் பாதிக்கும் கீழ போயிடும், லித்தியம் அசையாது. நம்ம வீட்டுல அப்படி என்ன இருக்கு? கடிகாரத்துக்குப் பத்துப் பன்னண்டு ரூபா கார்பன் கட்டை வருஷத்துக்கு ஒன்னு போதும். தீபாவளிக்கு மாத்திடுங்க, ஒழுகாது.

மல்லித் தோட்டத்து விஷயத்துக்கு வர்றேன், எனக்கு அதுதான் வயித்துப் பாடு. பறிக்க வர்ற பொம்பளைங்க நெத்தியில லைட்டு கட்டிக்கிட்டுத்தான் வருவாங்க. அதுல ஒல்லிப் பென்சில் கட்டை மூணு. கடையில அவங்க தலையில கட்டுறது 'ஹெவி டியூட்டி'ன்னு எழுதின கட்டை. இந்தப் பேரு மாதிரி ஒரு ஏமாத்து வேலை கிடையாது. ஹெவி டியூட்டின்னா அதுவும் கார்பன் கட்டைதான், உள்ளே உப்பு மட்டும் வேற. மூணு நாள்ல மங்கிடுது. கூலிக்கு வர்றவங்க வாரத்துக்கு ரெண்டு தடவை கட்டை வாங்கினா என்ன மிஞ்சும்? இப்ப நானே ஆல்கலைன் வாங்கிக் கொடுக்கிறேன்.

"லித்தியம் வாங்கிக் கொடேன் மாமா, லேசா இருக்கும், நெத்தி வலிக்காது"ன்னான் நம்ம பையன். நெத்திக்கு நல்லதுதான், ஆனா ஒரு விஷயம் இருக்கு. ஆல்கலைன் சாகும்போது சொல்லிட்டுச் சாகும். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமா மஞ்சளா மங்கும், வரப்புல இருக்கிறவங்க வீட்டுக்குத் திரும்ப நேரம் இருக்கும். லித்தியம் கடைசி வரைக்கும் முழு வேகத்துல எரிஞ்சுட்டுப் பொசுக்குனு அணைஞ்சிடும். நம்ம தோட்டத்துல கட்டுவிரியன் இருக்கு, போன வருஷம் பாத்திக்குள்ளயே ஒன்னை அடிச்சோம். நடு இருட்டுல பொசுக்குனு அணையற லைட்டு எனக்கு வேணாம். அம்மாவோட பிரஷர் மெஷினுக்கும் இதேதான். பேட்டரிக் குறி கடைசி வரைக்கும் முழுசாக் காட்டிட்டு, தலை சுத்துற அன்னைக்குப் பார்த்து அணைஞ்சு போனா யாரைக் கேட்கிறது?

லித்தியமே கூடாதுன்னு சொல்ல வரலை. 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி, செம்பரம்பாக்கம் ஏரி திறந்து அடையாறு பொங்கின அன்னைக்கு, எங்க பக்கமெல்லாம் கரண்ட் இல்லை. அவசரத்துக்குன்னு வச்சிருந்த டார்ச்சைத் திறந்தா உள்ளே ஆல்கலைன் ஒழுகி வெள்ளையா பூத்து, ஸ்பிரிங்கே அரிச்சுப் போயிருந்தது. மெழுகுவத்தியை வச்சுக்கிட்டு மாட்டை அவிழ்த்தோம். வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கிற டார்ச்சுக்கு லித்தியம்தான் சரி, அதுக்குத்தான் அந்த இருபது வருஷம். பீரோவுல வச்ச என் ரெண்டாவது கட்டை இப்ப அந்த டார்ச்சோட ஒரு கவர்ல இருக்கு. (ஆல்கலைன் பூத்த இடத்துல எலுமிச்சைச் சாறு ரெண்டு சொட்டு விட்டுத் துடைங்க, பாதி சாமான் பிழைச்சிடும்.)

அடையாளம் தெரியாம ஏமாறாதீங்க. கட்டை மேல பொடி எழுத்துல ஒரு குறி இருக்கும். பென்சில் கட்டைன்னா ஆர்6 கார்பன், எல்ஆர்6 ஆல்கலைன், எஃப்ஆர்6 லித்தியம். ஒல்லிக் கட்டைக்கு 6 இருக்கிற இடத்துல 03. இன்னொன்னு, சார்ஜ் போடுற லித்தியம் கட்டை அதே பென்சில் அளவுலயே வருது, அதுல சிலது 3.7 வோல்ட். அதை ரிமோட்டுல போட்டா ரிமோட் புகையும். லித்தியம்னு பேரு ஒன்னா இருக்கேன்னு மாத்திப் போட்டுடாதீங்க.

காசு மாதிரி தட்டையா இருக்கே, சுகர் மெஷின்லயும் கார் சாவியிலயும், அதுவும் லித்தியம்தான், 3 வோல்ட். போன மாசம் என் பேரன் அதை வாயில போட்டுக்கிட்டான். மருமக பார்த்துட்டு விரலை விட்டு எடுத்துட்டா. முழுங்கியிருந்து தொண்டையில நின்னிருந்தா, எச்சில்ல கரண்ட் பாய்ஞ்சு காரமாகி, ரெண்டு மணி நேரத்துக்குள்ள குழாயைப் பொசுக்க ஆரம்பிச்சிடும்னு டாக்டர் அப்புறம் சொன்னார். தீர்ந்துபோன செல்லுன்னு அலட்சியம் வேணாம், அதுலயும் அதுக்குப் போதுமான சக்தி இருக்கும். வாந்தி எடுக்க வைக்காதீங்க, நேரா எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. இருபது வருஷம்னு கொட்டை எழுத்துல போடுறவன் இதை எவ்வளவு சின்னதா போடுறான்னு அட்டையைத் திருப்பிப் பாருங்க.

கடைசியா என் ஹார்லிக்ஸ் பாட்டில். தீர்ந்த கட்டையெல்லாம் அதுலதான் போடுறேன். காரணம், நம்ம ஊர்ல குப்பையை ஏரிக்கரையில கொட்டிக் கொளுத்துறாங்க. அந்தத் தண்ணிதான் என் கீரைப் பாத்திக்கு வருது. கொளுத்தினா லித்தியம் வெடிக்கும். 2022 ஆகஸ்ட்ல மத்திய அரசு பேட்டரிக் கழிவு விதி போட்டுச்சு. அதுக்கு முன்னாடி 2001-ல போட்டது கார், இன்வெர்ட்டர் ஈய பேட்டரிக்கு மட்டும்தான். இப்ப இந்தச் சின்னக் கட்டையும் சேர்த்தி. தயாரிக்கிறவனும் இறக்குமதி பண்றவனும் திரும்ப வாங்கணும், புதைக்கவோ எரிக்கவோ கூடாது, நாம அதை மத்த குப்பையோட கலக்காம தனியாக் கொடுக்கணும். நான் தனியாத்தான் வச்சிருக்கேன். யார்கிட்ட கொடுக்கிறது? கட்டை வித்த கடையில கேட்டேன், "அதெல்லாம் இங்க இல்லை பெரியவரே"ன்னார். குப்பை வண்டியில வந்த தம்பிக்கு அப்படி ஒரு விதி இருக்கிறதே தெரியலை, அவர் மேல தப்பு இல்லை. நானூறு ரூபா கட்டையைக் கிராமத்துக் கடை வரைக்கும் கொண்டு வந்து சேர்க்கத் தெரிஞ்ச கம்பெனிக்கு, தீர்ந்த கட்டையைப் போட அதே கடையில ஒரு டப்பா வைக்கத் தெரியாதா?

நேத்து எண்ணிப் பார்த்தேன், 163 கட்டை. லித்தியத்துக்கு மட்டும் ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டி வச்சிருக்கேன். பாட்டில் நிறைஞ்சிடுச்சு, ரெண்டாவது பாட்டில் ஆரம்பிச்சாச்சு. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் இதை வாங்கிக்கிற இடம் யாருக்காவது தெரிஞ்சா கீழ எழுதுங்க. பூ போடப் போற வழியில நானே கொண்டு போய்க் கொடுத்துடுறேன்.