கண்ணிலே வேடம்

புரட்டாசியும் ஐப்பசியும் வந்தால் நம்மவர் இல்லங்களில் கொலுவைப் பற்றியும் தீபாவளியைப் பற்றியுமே பேச்சு நிகழும். அண்மைக் காலமாக மூன்றாவது விழா ஒன்றும் இவற்றோடு வந்து சேர்ந்திருக்கிறது. அக்டோபர் 31-ஆம் நாள் மாலை, ஐதராபாத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் சிறுவர் சிறுமியர் பேயாகவும் பூனையாகவும் வேடம் பூண்டு, வீடுவீடாகச் சென்று மிட்டாய் கேட்கின்றனர். இதற்கு ஹாலோவீன் என்று பெயர். "இது நமக்கு எதற்கு?" என்று முகம் சுளிக்கும் பெரியோர் உண்டு. நாமும் முதலில் சுளித்தவரே.

ஆயினும் அவ்விழாவின் வரலாற்றை அறிந்தபின் நம் மனம் சற்றே இளகிற்று. கிறிஸ்தவர்கள் நவம்பர் 1-ஆம் நாளைப் புனிதர் அனைவருக்கும் உரிய திருநாளாகக் கொள்கின்றனர். அதன் முந்தைய இரவே இது. அயர்லாந்து மக்கள் 1840-களில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் ஊரைவிட்டு அமெரிக்கா சென்றபோது, தங்கள் வழக்கங்களையும் உடன் கொண்டு சென்றனர். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றியவர்கள், போன இடத்தில் பூசணிக்காயைக் குடைந்தனர். பிழைப்பைத் தேடிப் போன இடத்திலும் திருநாளை விடாதவர்கள் என்னும் வகையில், அவர்களும் நம்மைப் போன்றவர்களே அல்லவா?

வேடம் பூணுதலும் நமக்குப் புதிதன்று. குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் தசராவில் காளி வேடமும் குறவன் வேடமும் பூண்டு காணிக்கை பெறுவோர் ஆயிரக்கணக்கானோர். இங்கே செகந்திராபாத் உஜ்ஜயினி மகாகாளி கோயிலின் போனாலுத் திருவிழாவில், மஞ்சள் பூசிய மேனியும் மை தீட்டிய கண்ணுமாகப் போத்தராஜு சாட்டை சுழற்றி வருவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். உடை எதுவாயினும், வேடத்திற்கு உயிர் தருவது கண்தான். ஆகவே, கண்ணுக்கு எதைத் தீட்டுவது, எப்படித் தீட்டுவது என்பதை அறிந்துகொள்வது நலம். நம் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கொண்டே இதனைச் சொல்ல விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு நம் அன்னையார் ஊரிலிருந்து வந்திருந்தார். நம் இளைய மகனுக்கு அப்பொழுது எட்டுத் திங்கள். அன்னையார் கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியைத் தோய்த்து உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, புகையைப் பித்தளைத் தட்டில் பிடித்து மை கூட்டி எடுத்து வந்திருந்தார். நாள்தோறும் பேரனின் கண்ணுக்குள் அம்மையை இட்டார். பத்தாம் நாள் குழந்தையின் கண் சிவந்து பீளை தள்ளிற்று. மருத்துவரோ, "விரலும் மையும் குழந்தையின் கண்ணுக்குள் போகவே கூடாது, கிருமி தொற்றும், கண்ணீர் வழியும் அடைபடும்" என்று கூறிவிட்டார்.

நம் இல்லாள் மெல்ல, "அத்தை, இனிமேல் மை வேண்டாமே" என்றாள். அன்னையார், "உன் புருஷனுக்கும் அவன் தம்பிமாருக்கும் இட்டே வளர்த்தேன், யாருக்குக் கண் போயிற்று?" என்றார். பிறகு நம்மை அழைத்து, "ஊருக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடு" என்றார். இரயில்வேயில் ஊழியம் பார்ப்பவனிடம் ஒரு தாய் சொல்வதற்கு இதைவிடக் கடிய சொல் வேறு உண்டோ?

அன்றிரவு நாம் அன்னையாரிடம் ஒரு செய்தியை எடுத்துரைத்தோம். அவர் கூட்டிய மையில் விளக்குக் கரியும் எண்ணெயும் தவிர வேறில்லை. இட்ட இடம்தான் தவறு. ஆனால் பொட்டலம் போடாமலும் பெயர்ச்சீட்டு இல்லாமலும் விற்கப்படும் சுர்மா அப்படிப்பட்டதன்று. சார்மினார்ப் பக்கம் போவோர் அதனைக் கண்டிருப்பர். கண்ணுக்குக் குளிர்ச்சி என்றும், சமய மரபு என்றும் பலர் அதனை அன்போடு இட்டுக்கொள்கின்றனர். மரபைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. சுர்மாவின் கருமைப் பளபளப்பு பல வேளைகளில் கலீனா என்னும் தாதுவால் வருகிறது. அது கந்தகத்தோடு கூடிய ஈயம். குழந்தை கண்ணைக் கசக்கிய விரலை வாயில் வைக்கும். ஈயம் உடலுக்குள் செல்லும். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், இரத்தத்தைக் குறைக்கும். ஈயத்திற்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. நிறத்திற்காக ஈயக் கூட்டுப்பொருளை ஒப்பனைப் பொருளில் சேர்ப்பதை நம் நாட்டு விதிகளும் தடுக்கின்றன. ஆனால் பெயரே இல்லாத பொடியை எந்த விதி காக்கும்? ஆகவே, கண்ணுக்கென்று செய்யப்பட்டு, செய்தவர் பெயரும் உரிம எண்ணும் நாளும் அச்சிடப்பட்ட மைப் பென்சிலையே வாங்குக.

இவ்வாறு பேசியிருந்த வேளையில் ஹாலோவீன் வந்தது. நம் ஒன்பது வயது மகள் பூனையாக வேண்டும் என்றாள். இல்லாள் பென்சிலால் கோடிட்டாள். ஒரு கண் பூனையாகவும் மறு கண் ஆந்தையாகவும் அமைந்தன. குழந்தை அழுதாள். மூலையில் அமர்ந்திருந்த அன்னையார் எழுந்து, "இங்கே வா கண்ணு" என்றார். அவர் செய்யாற்றுப் பக்கம் பிறந்தவர். புரிசைக் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர். "கோடு தோலோடு நிற்கவேண்டும், கண்ணுக்குள் போகக்கூடாது. கூத்தாடிக்கும் கண் வேண்டும் அல்லவா?" என்று மருமகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே தீட்டினார். இல்லாள் சிரித்துவிட்டாள். டிக்கெட் பேச்சு அத்துடன் நின்றது.

அவர் கைப்பட நாம் கண்ட எளிய முறைகள் சிலவற்றை ஈண்டுத் தருகிறோம்.

பூனைக்கண்: மேலிமையின் மயிர் வரிசைக்குச் சற்று மேலே கோடிட்டு, கடைக்கண்ணில் புருவ நுனியை நோக்கி மேலேற்றி முடிக்கவும். மூக்கு நுனியில் ஒரு புள்ளி, கன்னத்தில் மும்மூன்று மீசைக் கோடுகள் போதும்.

சிலந்தி வலை: கடைக்கண்ணுக்கு வெளியே ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து நெற்றிப்பொட்டை நோக்கி நான்கு கோடுகள் விரியட்டும். அவற்றிடையே வளைகோடுகளை இணைக்கவும்.

பேய்க்கண்: கண்குழியின் எலும்பு விளிம்பைச் சுற்றிக் கருமையிட்டு, விரலால் வெளிப்புறம் தேய்த்து மங்கலாக்கவும். மங்கிய விளக்கில் இதுவே மிகுந்த அச்சம் தரும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. முதல் நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, அரிப்பு உண்டாகிறதா என்று பார்க்கவும். குங்குமம், உதட்டுச் சாயம், மினுமினுப்புத் தூள் ஆகியவற்றைக் கண்ணருகே கொண்டுசெல்ல வேண்டா. ஒரு பென்சிலைப் பல குழந்தைகளுக்குப் பயன்படுத்துவதும் கூடாது. கண் நோய் ஒட்டிக்கொள்ளும். இங்கே தெலுங்கர் 'கண்ட்ல கலக' என்பதும், ஊரார் பலர் நம் சென்னையின் பெயரால் 'மெட்ராஸ் ஐ' என்பதும் அதுவே. வேடத்திற்கென விற்கும் வண்ணக் கண் வில்லைகளை மருத்துவர் அளந்து தராமல் அணிவது, விழியில் புண் உண்டாக்கிப் பார்வையையே பறிக்கக்கூடும். வேடம் கலைக்கும்போது பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டுக் கண்ணை மூடச் செய்து வெளிப்புறமாகத் துடைத்து, பிறகு முகம் கழுவவும். மையோடு உறங்கவிட வேண்டா. கண் சிவந்தால் மெகதிப்பட்டணத்துச் சரோஜினி தேவி அரசு கண் மருத்துவமனை போன்ற இடத்தை உடனே நாடுக.

அன்னையார் இப்பொழுதும் நம்முடனேயே இருக்கிறார். மைக் கிண்ணமும் இருக்கிறது. பேரனின் கன்னத்திலும் உள்ளங்காலிலும் திருஷ்டிப் பொட்டாக அம்மை நாள்தோறும் ஏறுகிறது. மருத்துவர் சொல்லும் நின்றது, பாட்டியின் கையும் ஓயவில்லை. இவ்வாண்டு மகள் சிலந்தி வலை கேட்டிருக்கிறாள். கண்ணுக்கு வெளியேதான்.