மூக்கை நம்பி இறங்குறவங்க

தில்லியில குளிர் வந்தாச்சு. எங்க அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவுல இப்பல்லாம் குட்மார்னிங் கிடையாது, காத்துத் தர எண்தான். "எங்க ஹால்ல 180, உங்க வீட்ல?"ன்னு போட்டி. ஆளுக்கொரு டப்பா வாங்கி டிவி பக்கத்துல வெச்சிருக்கோம். என் வீட்லயும் ஒண்ணு இருக்கு, பொய் சொல்லக் கூடாது.

போன வாரம் எம்.டெக். படிக்கிற தங்கச்சி பையன் வந்திருந்தான். வளையும் வாயு உணரிகள் பத்தி ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தான். நான் பி.காம்., எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். பழைய உலோக ஆக்சைடு உணரி வேலை செய்யணும்னா உள்ளே 200, 300 டிகிரி சூடாகணும். அதைச் சட்டையில தைக்க முடியாது. இப்ப பிளாஸ்டிக் படலத்துலயும் துணியிலயும் கிராஃபீன், கார்பன் நானோகுழாய், பாலிஅனிலின் மாதிரி சமாச்சாரங்களைப் பூசறாங்க. வாயு வந்து ஒட்டினா மின்தடை மாறும். சூடே வேண்டாம். மூச்சுல இருக்கிற அசிட்டோனை வெச்சு சர்க்கரை வியாதியைக் கவனிக்கலாமான்னும் ஆராய்ச்சி நடக்குது. "மாமா, கையில ஒட்டிக்கிட்டு வாக்கிங் போகலாம்"னான். ரொம்ப சந்தோஷம்.

நிற்க.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க வளாகத்துக்கு நான்தான் பொருளாளர். "கழிவுத் தொட்டி சுத்தம், ஆள் 2"ன்னு ஒரு வவுச்சர் வந்தது. மின்கட்டணத்துக்கும் தோட்டக்காரர் சம்பளத்துக்கும் நடுவுல அதுலயும் கையெழுத்துப் போட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் ஒருத்தரை மயக்கமா வெளியே இழுத்தாங்க. பிழைச்சுட்டார். மீட்டர் இல்லையான்னு ஒப்பந்தக்காரரைக் கேட்டேன். "மாச்சிஸ் ஜலாகே தேக்கா, சாப்"னார். தீக்குச்சி கொளுத்திப் பார்த்தாராம்!

தொட்டிக்குள்ள மீத்தேன் இருக்கும். காத்துல அது 5 முதல் 15 சதவீதம் இருந்தா, ஒரு குச்சி போதும், வெடிச்சிடும். ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்ற அளவுக்கு இருந்தாலும் தீக்குச்சி பாட்டுக்கு எரிஞ்சுகிட்டு இருக்கும். அழுகின முட்டை நாத்தம் அதோடதுதான். பத்து லட்சத்துல ஒரு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். 100 பங்கு ஆனா கொஞ்ச நேரத்துல மூக்கு மரத்துப் போகும். "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்"னு நினைக்கிற நேரம்தான் எமன் வர்ற நேரம். 700, 1000 பங்கு ஆயிட்டா சில மூச்சுல ஆள் விழுந்துடுவான். அவனைத் தூக்கக் குதிச்சவனும் விழுவான். உணரி முதல்ல தேவைப்படுறது இங்கதான், நம்ம வாக்கிங் கைக்கு இல்லை.

"புது டெக்னாலஜி வரட்டும் சார், எல்லாம் சரியாயிடும்"னு சொல்றவங்களுக்கு: நாலு வாயு மீட்டர் கடைக்கு வந்து பல காலமாச்சு. 2013 சட்டத்தோட விதிகள்ல, ஆளை இறக்கணும்னா கொடுக்க வேண்டிய சாமான் பட்டியல்ல அது பேர் சொல்லி இருக்கு. மீறினா முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, இல்லைன்னா 2 லட்சம் வரை அபராதம், ரெண்டும் கூட உண்டு. வளையும் உணரிக்கு ஈரப்பதம் இன்னும் பெரிய தலைவலி. சாக்கடை முழுக்க ஈரம். அது தயாராகட்டும், வேண்டாம்னு சொல்லலை. ஆனா இத்தனை நாளா இல்லாதது உணரி இல்லை, மனசு.

"அப்ப மீட்டரைக் கொடுத்து இறக்கலாமா?" கூடாது. மீட்டர் ஒண்ணும் லைசென்ஸ் இல்லை. மொதல்ல இயந்திரம். கேரளாப் பசங்க செஞ்ச பேண்டிகூட் ரோபோ 2018லேயே திருவனந்தபுரத்துல வேலைக்கு வந்தாச்சு. தில்லி, சென்னை உள்பட ஆறு பெருநகரங்கள்ல ஆள் இறங்கக் கூடாதுன்னு 2025 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. செத்தவர் குடும்பத்துக்கு 2014ல 10 லட்சம், 2023ல 30 லட்சம்னு தீர்ப்பு. வேகமா ஏறினது இழப்பீடு மட்டும்தான்.

இறங்குறது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. "சாதியெல்லாம் ஊரோட விட்டுட்டு வந்துட்டோம்"னு இங்க தமிழ்ச் சங்கத்துல காபி குடிச்சுக்கிட்டே பேசறோம். அடுக்குமாடித் தொட்டி மூடியைத் திறந்து பாருங்க, அது நமக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்கும். ஊரைச் சொல்லியும் பெருமைப்பட முடியாது. நாடாளுமன்றத்துல கொடுத்த சாக்கடைச் சாவுக் கணக்குல தமிழ்நாடு மேல்வரிசையிலதான் இருக்கு.

50,000 ரூபாய் கடனுக்கு எத்தனை காகிதம் கேட்கிறோம்! ஒரு உயிரைக் குழிக்குள்ள இறக்க நான் ஒண்ணுமே கேட்கலை. அந்தக் கையெழுத்து என்னோடது. அதுக்கப்புறம் இயந்திர ரசீது இல்லாத எந்த வவுச்சருக்கும் நான் பேனாவை எடுக்கலை. மாசத்துக்குக் கொஞ்சம் பராமரிப்புக் கட்டணம் ஏறிச்சு. சண்டையும் வந்தது. வரட்டும்.

அடுத்த குடியிருப்போர் கூட்டத்துல எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நம்ம தொட்டியை யார், எதை வெச்சு சுத்தம் பண்றாங்க?" கேட்டுட்டு வந்து பின்னூட்டத்துல என்னைத் திட்டுங்க. வாங்கிக்கிறேன்.