மழலைக்கு மூன்று பாடங்கள்



சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்கு அருகே அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டையும், இரும்பு உருக்காலைகளும், வரிசை வரிசையாகச் செல்லும் லாரிகளும் இன்று அப்பகுதியின் அடையாளங்கள். பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம், அஸ்ஸாம் எனப் பல மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்கள் அங்கே பெருந்தொகையினராக வாழ்கின்றனர். நம் சமுதாய மக்களும் திருவள்ளூர் மாவட்டத்தின் அவ்வட்டாரத்தில் நெடுங்காலமாகவே வாழ்ந்து வருகின்றனர்.

2025 ஜூலை 12ஆம் நாள், அங்குள்ள ஆரம்பாக்கம் பகுதியில், பள்ளி முடிந்து தனியே நடந்து சென்ற சிறுமி ஒருத்தி கடத்தப்பட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். ஏறத்தாழ இரு வாரங்களுக்குப் பின், பிற மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒருவர் கைது செய்யப்பட்டார். தமிழகமே பதறியது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் உறக்கமின்றித் தவித்தனர்.

இத்தகைய கொடுமை நிகழும்போதெல்லாம் இல்லங்களில் ஒரு பாடம் தொடங்கிவிடுகிறது. "வெளியே போகாதே! வடக்கத்தியான் பிடித்துக்கொண்டு போய்விடுவான்" என்று மூன்று வயதுக் குழந்தைக்கும் சொல்லி வைக்கிறோம். பிள்ளை அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்கினால், காத்துவிட்டோம் என்று நிம்மதி அடைகிறோம்.

சகோதரிகளே, அந்தப் பாடம் பிள்ளையைக் காக்குமா? இம்மாதம் அதைப் பற்றித்தான் சற்று ஆழமாகச் சிந்திக்க வேண்டியுள்ளது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளைப் பாருங்கள். குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அக்குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர். உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர், பாடம் சொல்லித் தருபவர் என்று அப்பட்டியல் நீள்கிறது. முன்பின் அறியாதவரால் நேர்வது மிகச் சிறுபகுதியே.

பெண் பிள்ளைகளுக்கு மட்டுமே இந்த ஆபத்து என்று எண்ணுவதும் தவறு. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் ஆய்வு நடத்தி, 2007ஆம் ஆண்டு வெளியிட்டது. அதில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறிய பிள்ளைகளுள் பாதிக்கும் சற்று மிகுதியானோர் ஆண் பிள்ளைகளாக இருந்தனர்.

அப்படியானால் "வடக்கத்தியான்" என்று அச்சுறுத்தி வளர்க்கப்பட்ட பிள்ளை, எந்தத் திசையிலிருந்து ஆபத்து வருமோ அந்தத் திசையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது. அறிமுகமான ஒருவர் தவறாக நடந்தால் அதை என்னவென்று சொல்வது, யாரிடம் சொல்வது என்பது அதற்குத் தெரியாது. அதை நாம் சொல்லித் தரவே இல்லையே!

முதல் பாடம்: உன் உடல், உன் சொல்

இந்தப் பாடத்தை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயமான அந்நூரின் 58ஆம் வசனம், பருவமடையாத சிறுவர்களும்கூட மூன்று நேரங்களில் அனுமதி பெற்றே பெரியவர்களின் அறைக்குள் வரவேண்டும் என்று கற்பிக்கிறது. ஃபஜ்ருத் தொழுகைக்கு முன், நண்பகலில் ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும் வேளை, இஷாவுக்குப் பின் என்பனவே அம்மூன்று நேரங்கள். மறைக்க வேண்டியது என்று ஒன்று உண்டு. பிறருடைய எல்லைக்குள் அனுமதியின்றி நுழையலாகாது. இவ்விரண்டையும் மழலைப் பருவத்திலேயே மார்க்கம் பழக்குகிறது. பிறருடைய எல்லையை மதிக்கக் கற்ற பிள்ளைக்குத் தனக்கும் ஓர் எல்லை உண்டு என்பது எளிதில் விளங்கும்.

இன்னொரு நிகழ்ச்சியையும் எண்ணிப் பாருங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வலப்புறத்தில் ஒரு சிறுவர் அமர்ந்திருந்தார். இடப்புறத்தில் முதியவர்கள் இருந்தனர். அருந்திய பானத்தின் மீதியை வலப்புறத்தாருக்கே முதலில் தருவது முறை. எனவே, முதியவர்களுக்கு முதலில் கொடுக்கலாமா என்று அச்சிறுவரிடமே அண்ணலார் அனுமதி கேட்டார்கள். தங்களிடமிருந்து கிடைக்கும் என் பங்கை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்றார் சிறுவர். அண்ணலார் கடிந்துகொள்ளவில்லை, பாத்திரத்தை அவர் கையிலேயே கொடுத்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ள செய்தி இது.

ஒரு பிள்ளை "வேண்டாம்" என்று சொன்னதை அகிலத்தின் தலைவர் மதித்தார்கள். நாமோ, விருந்துக்கு வந்தவரின் மடியில் அமரக் கூச்சப்படும் பிள்ளையை, "மாமாவுக்கு முத்தம் கொடு, மரியாதை தெரியாதா?" என்று அதட்டுகிறோம். பெரியவர்கள் எதைச் செய்தாலும் மறுக்கக் கூடாது என்ற பாடம் அங்கே பிள்ளையின் நெஞ்சில் பதிந்துவிடுகிறது. ஸலாம் சொல்லப் பழக்குங்கள். மரியாதைக்கு அது போதும்.

மூன்று வயதிலிருந்தே இவற்றைச் சொல்லித் தரலாம். குளிப்பாட்டும்போது உடலுறுப்புகளின் பெயர்களை இயல்பாகச் சொல்லுங்கள். உள்ளாடை மறைக்கும் இடங்களை, தூய்மை செய்யும் தாயும் தாய் உடனிருக்கும்போது மருத்துவரும் தவிர வேறெவரும் தொடலாகாது என்று கூறுங்கள். எவரேனும் தொட்டால் "வேண்டாம்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அவ்விடத்தை விட்டு ஓடிவர வேண்டும். வந்து சொல்ல வேண்டும். "அம்மாவிடம் சொல்லாதே" என்று எவர் சொன்னாலும், அதை முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும். அம்மா இல்லாத நேரத்தில் நன்னியிடமா, சாச்சியிடமா, ஆசிரியையிடமா என்பதையும் பிள்ளையே தேர்ந்து சொல்லட்டும். தன் பெயர், அத்தாவின் பெயர், தெரு, தொலைபேசி எண் ஆகியவற்றை மனப்பாடம் செய்ய வையுங்கள். குழந்தைகளுக்கான 1098 என்ற இலவச உதவி எண்ணையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை சொன்னால், நம்புங்கள். "சும்மா இரு, அவர் அப்படிப்பட்டவரல்லர்" என்று வாயடைத்தால், இரண்டாம் முறை அது வாய் திறக்காது.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் கூறியாக வேண்டும். குற்றவாளி சொந்தத்திலேயே இருந்துவிட்டால், குடும்ப மானம் என்றும் ஜமாஅத்தில் பேசி முடித்துக்கொள்வோம் என்றும் மூடி மறைக்க முற்படுவோர் உண்டு. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, இத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டியதில்லை. அதன் வீட்டிலேயோ அது விரும்பும் இடத்திலேயோ, சீருடை அணியாத அதிகாரி, இயன்றவரை பெண் அதிகாரி, வாக்குமூலம் பெற வேண்டும். பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடலாகாது. மானம் போய்விடும் என்று அஞ்சும் தாய்க்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். மானம் இழக்க வேண்டியவன் குற்றம் செய்தவனே அன்றி, அந்தப் பிஞ்சு அன்று.

இரண்டாம் பாடம்: அண்டை வீட்டான் யார்?

"வடக்கத்தியான்" என்ற சொல்லுக்கு மீண்டும் வருவோம். ஒருவரின் பாவச்சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்று திருமறை (6:164) தெளிவாக அறிவிக்கிறது. எங்கோ ஒருவன் செய்த குற்றத்திற்காக ஒரு கூட்டத்தார் அனைவரையும் கூண்டில் ஏற்றுவதன் வேதனையை நம்மைவிட அறிந்தவர் யார்? நம் மீது அப்பழி சுமத்தப்படும்போது கண்ணீர் விடும் நாம், அதே பழியை உருக்காலைத் தொழிலாளி மீது சுமத்தப் பிள்ளைக்குக் கற்றுத் தரலாமா?

நம் வீட்டு ஆண்கள் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அந்நியர்களாக வாழ்கிறார்கள். அங்குள்ள தாய் ஒருத்தி, கடைக்குப் போகும் உங்கள் கணவரைச் சுட்டிக்காட்டித் தன் பிள்ளையை அச்சுறுத்தினால், உங்கள் நெஞ்சம் பொறுக்குமா? உறவான அண்டை வீட்டாரோடு அந்நியரான அண்டை வீட்டாருக்கும் வழிப்போக்கருக்கும் நன்மை செய்யச் சொல்கிறது திருமறை (4:36).

2024 அக்டோபர் 11 இரவு, கும்மிடிப்பூண்டிக்கு அருகிலுள்ள கவரைப்பேட்டையில், மைசூரிலிருந்து பீகாரின் தர்பங்காவுக்குச் சென்ற பாக்மதி விரைவு ரயில், நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதித் தடம்புரண்டது. உயிரிழப்பு எதுவுமின்றி இறைவன் காத்தான். இருளில் முதலில் ஓடி வந்து, பெட்டிகளிலிருந்து பயணிகளை இறக்கியவர்கள் அவ்வூர் மக்களே. பயணிகள் திருமண மண்டபங்களில் தங்கவைக்கப்பட்டு உணவளிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் நாம் "வடக்கத்தியான்" என்றழைக்கும் மக்கள்தாம். குடிமைப் பண்பு என்றால் என்னவென்று பிள்ளை கேட்டால், இந்த இரவின் கதையைச் சொல்லுங்கள்.

மக்களிடையே நல்லிணக்கத்தையும் சகோதரத்துவத்தையும் வளர்ப்பது குடிமகனின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51-ஏ பிரிவு கூறுகிறது. 1976ஆம் ஆண்டு 42ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பிரிவு அது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பளிப்பது பெற்றோரின் கடமை என்பது 2002ஆம் ஆண்டு அதனுடன் சேர்க்கப்பட்டது. மழலைக்குச் சட்டப்பிரிவு விளங்காது, பழக்கம் விளங்கும். வரிசையில் நிற்கவும், குப்பையைத் தெருவில் எறியாமலிருக்கவும், லாரிகள் விரையும் சாலையைப் பெரியவர் கைபிடித்துக் கடக்கவும் பழக்குங்கள். வகுப்பில் தமிழ் தெரியாத தொழிலாளியின் பிள்ளை இருந்தால், அதனுடன் சேர்ந்து உண்ணச் சொல்லுங்கள்.

குடிமக்கள் என்ற முறையில் பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. பிள்ளை பிறந்த 21 நாள்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிடுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். பெயரில் ஓர் எழுத்துப் பிழையும் வாராமல் அன்றே சரிபாருங்கள்.

மூன்றாம் பாடம்: நாம் வந்த வழி

தொழிற்பேட்டையின் புகைக்கு அப்பால், அதே மாவட்டத்தின் கடற்கரையில் இருக்கிறது பழவேற்காடு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி அங்குள்ளது. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். அதற்கும் முன்பே அது முஸ்லிம் வணிகர்களின் துறைமுகம். அரபு நாட்டிலிருந்து மரக்கலங்களில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம் என்று அங்குள்ள குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் "காயின் பெலிக்காட்" என்று பெயர். "பெலிக்காட்" என்பது பழவேற்காடேதான்! அத்தா உடுத்தும் கைலிக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் உள்ள இந்த உறவைக் கேட்டால், பிள்ளையின் கண்கள் விரியாவோ? தொழுகை நேரம் அறியப் பள்ளிவாசலில் வைத்த சூரிய நிழற்கடிகாரமும், நம் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளும் அங்கே உண்டு. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழும் அக்குடும்பங்களில் பேணப்பட்டு வந்தது. காயல்பட்டினத்து ஸதக்கத்துல்லாஹ் அப்பாவும், கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமும் வளர்த்த அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த முதியோர் குறைந்துகொண்டே வருகின்றனர்.

தனக்கெனத் தனி மொழியோ, எழுத்தோ, பண்பாடோ உடைய எந்தப் பிரிவினருக்கும் அதைப் பேணும் உரிமை உண்டு என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவு. உரிமை ஏட்டில் இருந்தால் போதுமா? ஒரு விடுமுறை நாளில் பிள்ளையைப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் அரபுத்தமிழ் ஏடு இருந்தால், பழைய தாள் என்று எடைக்குப் போடாமல், நன்னியை அதன் முன் அமர்த்திப் படிக்கச் சொல்லிப் பிள்ளையைக் கேட்க வையுங்கள்.

இம்மூன்று பாடங்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. தன் முன்னோரும் ஒரு காலத்தில் கடல் கடந்து வந்த அந்நியரே என்றறிந்த பிள்ளை, இன்று வந்த அந்நியரை வெறுக்காது. நன்னியிடம் நாள்தோறும் கதை கேட்கும் பிள்ளை, தனக்கு ஒரு துன்பம் நேர்ந்தாலும் அந்த மடியில்தான் வந்து சொல்லும். நாளும் கால்மணி நேரம், தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைத்துவிட்டு, பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். இந்த மாதமே தொடங்குங்கள்.

பிள்ளைகள் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அந்த அமானிதத்தை அறிவோடும் நீதியோடும் பேணிக் காக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.