ஒரு வேட்டுக்கும் மறு வேட்டுக்கும் நடுவே

மான் வேட்டையைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதப் போகிறோம் என்றதும் நேயர்களில் சிலர் முகத்தைச் சுளிக்கக் கூடும். நம் தேசத்தில் 1972-ஆம் வருஷத்து வன விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுடுவது குற்றம். சுட்டவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் நீதிமன்றத்தின் படியேறி இறங்க வேண்டியதுதான். அப்படி இருப்பதே நமக்குப் பிடித்திருக்கிறது. அதை மாற்ற வேண்டுமென்று வாதாடுவது நம்முடைய நோக்கமல்ல.

ஆனால், அதே காரியம் சட்டத்துக்கு உட்பட்டு, சர்க்காரின் அனுமதிச் சீட்டைப் பெற்று, ஏறக்குறைய ஒரு திருவிழாவைப் போல நடக்கிற இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள பென்ஸில்வேனியா ராஜ்யந்தான் அது. நவம்பர் மாதக் கடைசியில் ‘நன்றியறிதல் திருநாள்’ முடிந்ததும், அங்கே லட்சக்கணக்கான ஜனங்கள் துப்பாக்கியும் கையுமாகக் காட்டுக்குள் நுழைகிறார்கள். வெகு காலம் வரையில், திருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமைதான் வேட்டை தொடங்கும் நாளாக இருந்தது. அன்று பல ஊர்களில் பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை! 2019-ல்தான் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். பாட்டனார், தகப்பனார், பேரன் என்று மூன்று தலைமுறையும் சேர்ந்து போவது உண்டு. நம் ஊரில் ஆடிப்பெருக்கன்று கட்டுச்சாதத்துடன் குடும்பமாய் ஆற்றங்கரைக்குக் கிளம்புவது போல என்று வைத்துக் கொள்ளுங்களேன். கட்டுச்சாதத்தோடு ஒரு துப்பாக்கியும் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தத் துப்பாக்கிகளில் ஒரு விசேஷ ஜாதிக்குப் ‘பம்ப் ரைபிள்’ என்று பெயர். மற்ற ராஜ்யங்களைக் காட்டிலும் பென்ஸில்வேனியாவில் அதற்கு மதிப்பு அதிகம். ஏன் என்று விசாரிக்கப் புகுந்தால், யந்திர விஷயமாக ஆரம்பிப்பது சட்ட விஷயமாக மாறி, கடைசியில் தர்ம விஷயமாகப் போய் நிற்கிறது. ஆகையினால்தான் இதைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

முதலில் யந்திரத்தைப் பார்ப்போம். துப்பாக்கியில் ஒரு தோட்டா வெடித்த பிறகு மூன்று வேலைகள் நடந்தாக வேண்டும். காலியான தோட்டாக் கூட்டை வெளியே எறிய வேண்டும். அடிக்கும் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். புதிய தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றிப் பின்புறத்தைத் தாழிட வேண்டும். தாழ்ப்பாள் வைத்த துப்பாக்கியில், வலது கையானது விசையை விட்டு வந்து, தாழ்ப்பாளைத் தூக்கி, இழுத்து, மறுபடி தள்ளி இறக்க வேண்டும். நெம்புகோல் வைத்த துப்பாக்கியிலும் வலது கைக்குத்தான் வேலை. தானியங்கித் துப்பாக்கியிலோ மனிதனுக்கு வேலையே இல்லை. வெடித்த வேகமே மூன்று காரியங்களையும் முடித்து வைத்து விடுகிறது. விரலை மறுபடி அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

பம்ப் ரைபிள் இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. குழலின் அடியில் இடது கை பிடித்திருக்கும் முன்கட்டை, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் தண்டைப் போல முன்னும் பின்னும் நகருகிறது. பின்னுக்கு இழுத்தால் பழைய கூடு வெளியே போய் விழுகிறது. முன்னுக்குத் தள்ளினால் புதிய தோட்டா உள்ளே ஏறித் தாழ் விழுகிறது. வலது கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. துப்பாக்கியின் கட்டை தோளை விட்டு நகருவதில்லை. கண்ணும் மானை விட்டு அகலுவதில்லை. பழகிய கைக்கு ஒரு விநாடி போதும்.

இந்த ஏற்பாடு புதியதல்ல. 1884-ல் கோல்ட் கம்பெனியார் ‘மின்னல்’ என்று பொருள்படும் ‘லைட்னிங்’ என்ற பெயரில் இத்தகைய ரைபிளை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். 1912-ல் ரெமிங்டன் கம்பெனியார் வெளியிட்ட 14-ஆம் நம்பர் ரைபிள், ஜான் பெடர்ஸன் என்ற நிபுணர் வகுத்தது. அக்காலத்துத் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் உள்ளதன் மூக்கு, முன்னால் உள்ளதன் பற்றுமருந்தை முட்டிக்கொண்டிருக்கும். மூக்குக் கூர்மையாக இருந்து விட்டால், அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடித்து விடும் அபாயம் உண்டு. பெடர்ஸன் அந்தக் குழாயைத் திருகுச் சுருள் போல் முறுக்கி அமைத்தார். மூக்கு பற்றுமருந்தின் நடுவில் படாமல் ஓரமாய் விலகி நின்றது. சின்ன யுக்திதான், ஆனால் எத்தனை விரல்களையும் கண்களையும் காப்பாற்றியிருக்கும்!

1952-ல் அதே கம்பெனியார் 760-ஆம் நம்பர் ரைபிளைக் கொண்டு வந்தபோது, குழாயையே எடுத்து விட்டு, அடியில் செருகும் சிறு தோட்டாப் பெட்டியை வைத்தார்கள். தாழ்ப்பாள் சுழன்று குழலின் அடிப் பகுதியிலேயே பூட்டிக் கொள்ளும்படி செய்ததால், பலம் மிகுந்த தோட்டாக்களையும் அது தாங்கிற்று. 1981 வரையில் இந்த ஒரு வகை மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. பிறகு 7600 என்ற நம்பரில் அதன் வாரிசு வந்தது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவின் பெரும்பாலான ராஜ்யங்களில் தானியங்கி ரைபிளைக் கொண்டு மானைச் சுடலாம். பென்ஸில்வேனியாவில் அதற்குத் தடை இருந்தது. வேகமாக மறு வேட்டுப் போட விரும்பிய வேட்டைக்காரர்களுக்குச் சட்டம் அனுமதித்த வழி பம்ப் ரைபிள். அதன் பெருமைக்கு இதுவே முக்கிய காரணம்.

2016-ல் அந்த ராஜ்யத்துச் சட்டசபை, தானியங்கி ரைபிளை அனுமதிக்கும் அதிகாரத்தை வேட்டைக் கமிஷனுக்குக் கொடுத்தது. கமிஷனார் 2017 ஜனவரியில், மான் உட்படச் சகல மிருகங்களுக்கும் அனுமதிப்பதாகவே முதலில் யோசனை செய்தார்கள். அதன் பிறகு, அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர்களிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். என்ன பதில் வந்தது தெரியுமா? சிறு பிராணிகளுக்கு வேண்டுமானால் இருக்கட்டும், மான் போன்ற பெரிய மிருகங்களுக்கு வேண்டாம் என்று பெரும்பாலோர் சொல்லி விட்டார்கள்! கமிஷனாரும் மார்ச் மாதத்தில் அவ்விதமே முடிவு செய்தார்கள்.

இது நம்மைச் சற்று நிதானித்து யோசிக்கச் செய்கிறது. சௌகரியம் ஒன்றை வாசலில் கொண்டு வந்து கொடுக்கும்போது, “வேண்டாம், இருப்பது போதும்” என்று சொல்லுகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? அதுவும் கையில் துப்பாக்கி பிடித்தவர்கள்!

எதிர்க்கட்சியாருக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. “பழகியவன் கையில் பம்ப் ரைபிளும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் சுடுகிறது. தானியங்கியில் தோளில் இடிக்கும் உதை குறைவு; மெலிந்த உடம்புக்காரர்களுக்கு அது நல்லது. பக்கத்து ராஜ்யங்களில் அனுமதித்ததனால் காடு ஒன்றும் காலியாகி விடவில்லையே?” என்று அவர்கள் கேட்கிறார்கள். அவ்வளவும் உண்மையே. விநாடிக் கணக்குப் பார்த்தால் வித்தியாசம் மிகச் சொற்பந்தான். ஆனால் நமக்குத் தோன்றுவது என்னவென்றால், இங்கே கேள்வி விநாடியைப் பற்றியதல்ல. மறு வேட்டு என்பது விரலின் பதற்றத்தால் நடந்து விடுகிற காரியமா, அல்லது மனிதன் தன் கையால் ஒரு வேலை செய்து முடித்த பிறகே நடக்கக் கூடிய காரியமா என்பதுதான் கேள்வி.

மறு வேட்டு எதற்காக? இதை நல்ல வேட்டைக்காரர்களிடம் கேட்டால் ஒரே விடைதான் கிடைக்கும். முதல் குண்டு பிசகிக் காயம் பட்ட மானை வேதனையில் விடாமல் உடனே முடிப்பதற்காக. குறி தவறியதற்கு ஈடாக மேலும் மேலும் குண்டுகளைத் தூவுவதற்காக அல்ல. முதல் குண்டு சரியாகப் பட்டால் மறு வேட்டே தேவையில்லை. ஆகையால் வேகமான துப்பாக்கியின் பெரிய அபாயம் யந்திரத்தில் இல்லை. “தவறினால் இன்னொன்று இருக்கிறதே” என்று முதல் குறியை அலட்சியமாக வைக்கும் மனத்தில் இருக்கிறது. வயிற்றில் அடிபட்ட மான் காட்டுக்குள் ஓடி, பல மணி நேரம் துன்பப்பட்டுச் சாகும். இரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்து அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரையில் வேட்டைக்காரனுக்கு வீடு திரும்ப உரிமை கிடையாது என்பது அவர்களுடைய எழுதாத சட்டம்.

பென்ஸில்வேனியாவுக்கு வடகிழக்கே, பனி மூடிய வெர்மாண்ட் ராஜ்யத்தில் லாரி பெனாய்ட் என்ற வேட்டைக்காரர் இருந்தார். அவருடைய பெயரும் 760-ஆம் நம்பர் ரைபிளும் பிரியாமல் சேர்ந்தே பேசப்படுகின்றன. ஆனால் அவர் புகழ் பெற்றது சுட்டதனால் அல்ல, நடந்ததனால்! விடியற்காலையில் பனியில் பெரிய கலைமானின் குளம்படியைக் கண்டு பிடித்து, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி, நாள் முழுவதும் அந்த ஒரே மானைத் தொடர்ந்து போவதுதான் அவருடைய முறை. கடைசியில் மரங்களுக்கு நடுவே மான் துள்ளி எழும் ஒரு கணத்துக்குத்தான் துப்பாக்கி. அத்தகைய அடர்ந்த காட்டில், கண்ணை எடுக்காமல் மறு தோட்டா ஏற்றக் கூடிய பம்ப் ரைபிள் பொருத்தமானது என்பதில் ஐயமில்லை.

அதற்குக் குறைகளும் உண்டு. முன்கட்டை லேசாக ஆடிச் சத்தம் செய்யும். மானின் காதோ பொல்லாதது. தோட்டா அழுக்கேறியிருந்தால் தாழ்ப்பாளைப் போல் திருகி இழுக்கும் பலம் இதற்கு இல்லை. தரையில் படுத்தபடி இயக்குவது சிரமம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, பதற்றத்தில் முன்கட்டையை முழுவதும் இழுக்காமல் பாதியில் தள்ளி விட்டால், பழைய கூடும் போகாது, புதிய தோட்டாவும் ஏறாது. அரைகுறை மனத்தோடு செய்கிற காரியத்துக்குத் துப்பாக்கியே தண்டனை விதித்து விடுகிறது!

வேட்டையின் பெரும் பாவம் எது என்பதை நம் நாட்டார் என்றோ அறிந்திருந்தார்கள். இருட்டில் நீர் மொள்ளும் சத்தத்தை யானையின் சத்தமென்று எண்ணித் தசரத மன்னர் அம்பெய்தார். மாண்டது, குருட்டுத் தாய் தந்தையருக்குத் தண்ணீர் எடுக்க வந்த பிள்ளை. சப்தத்தைக் கேட்டே குறி வைக்கும் அபார வித்தைதான் அவருக்குச் சாபத்தைத் தேடித் தந்தது. இன்றைக்குப் பென்ஸில்வேனியாக் காட்டில் ரைபிள் கொண்டு மான் வேட்டையாடப் போகிறவர் தலையிலும் மார்பிலும் முதுகிலுமாக 250 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற உடை தரிக்க வேண்டுமென்று விதி இருக்கிறது. மானின் கண்ணுக்கு அந்த நிறம் எடுத்துத் தெரியாது. மனிதன் கண்ணுக்கு வெகு தூரத்திலேயே தெரியும். ரைபிள் குண்டு தடையின்றிப் போனால் சில மைல் தூரம் போகும். எதைச் சுடுகிறோம், அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று இரண்டையும் தெரிந்து கொள்ளாமல் விசையில் விரல் வைக்கலாகாது என்பதே அங்கே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முதல் பாடம்.

“இவ்வளவு கட்டுப்பாட்டுக்குப் பதிலாக வேட்டையையே நிறுத்தி விடக் கூடாதா?” என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ராஜ்யத்தில் மானே அற்றுப் போகும் நிலை வந்தது. 1906 முதல் வெளி ராஜ்யங்களிலிருந்து மான்களைக் கொண்டு வந்து விட்டார்கள். 1907-ல் பெண் மானைச் சுடுவதைத் தடுத்தார்கள். மான் பெருகிற்று. ஆனால் மானைத் தின்னும் ஓநாய்கள் அதற்கு முன்பே ஒழிந்து போயிருந்தன. விளைவாக, மான்கள் காட்டின் இளங் கன்றுகளைத் தின்று தீர்த்து விட்டுப் பனிக் காலத்தில் பட்டினியால் மடிந்தன. இன்று அமெரிக்கா முழுவதிலும் வெள்ளை வால் மான் சுமார் 3 கோடி இருக்கலாமென்று மதிப்பிடுகிறார்கள். புலியும் செந்நாயும் இன்னும் மிஞ்சியிருக்கும் நம் காடுகளின் கணக்கு வேறு. ஓநாயை ஒழித்து விட்ட அவர்கள் காட்டின் கணக்கு வேறு. ஓநாயின் வேலையை மனிதன் எடுத்துக் கொண்டான் என்றால், ஓநாய்க்கு இல்லாத பொறுப்பையும் சேர்த்து எடுத்துக் கொள்ள வேண்டும் அல்லவா? 1937-ஆம் வருஷத்துச் சட்டப்படி ரைபிள்களின் மீதும் தோட்டாக்களின் மீதும் விதிக்கப்படும் நூற்றுக்குப் பதினொன்று வரி, வன விலங்குகளைக் காப்பதற்கே போய்ச் சேருகிறது.

அந்தப் பம்ப் ரைபிள்கள் பிறந்த இலியன் நகரத்துத் தொழிற்சாலை, ஏறக்குறைய இருநூறு வருஷ காலம் நடந்த பிறகு, 2024 மார்ச் மாதத்தில் மூடப்பட்டது. கம்பெனி அதற்கு முன்பே 2018-லும் 2020-லும் இரு முறை திவாலாகியிருந்தது. ஆனால் பாட்டனார் வாங்கிய துப்பாக்கி பேரன் கைக்கு வருவது அங்கே வழக்கம். ஆகையால் அவை காட்டில் இன்னும் வெகு காலம் நடமாடும். கையை மாற்றிக் கொடுக்கும்போது பாட்டனார் இன்னொன்றையும் கொடுத்தால் நல்லது. முன்கட்டையை இழுத்துத் தள்ளும் அந்த ஒரு விநாடியில், “மறு வேட்டு அவசியந்தானா?” என்று கேட்டுக் கொள்ளும் வழக்கமே அது. ஒரு விநாடி அவகாசத்தைச் சட்டம் கொடுக்கலாம். கேள்வியை மனிதன்தான் கேட்டுக் கொள்ள வேண்டும்.