வடை பறிகொடுத்த கிழவி

திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரிக்கு இரு பெருமைகள் உண்டு. நாடகத்திற்கு இலக்கணமாக 'நாடகவியல்' என்னும் நூலை 1897-இல் இயற்றியளித்த பரிதிமாற் கலைஞர் 1870-இல் தோன்றியது அவ்வூரில். வேளார் பெருமக்கள் களிமண்ணாற் பாவை வனைவதும் அவ்வூரில்தான். நாடகமும் மண்ணும் ஒருங்கே விளைந்த ஊர். இளஞ்சிறார்க்குக் கதையை எவ்வாறு கற்பிப்பது என்று எழுதப் புகுந்த எனக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிட்டவில்லை.

சில ஆண்டுகட்கு முன், ஓர் ஆசிரியை நெடுவிடுப்பிற் சென்றமையால், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சில கிழமைகள் என் பொறுப்பில் வந்தனர். காக்கையும் நரியும் வடையும் வரும் கதையை எடுத்துக்கொண்டேன். உரையாடல் எழுதித் தரவில்லை. கண்மாய்க் களிமண்ணைப் பிசைந்து கொடுத்து, "கதையில் வருவோரையெல்லாம் செய்யுங்கள், நாளை அவர்களாக ஆடுவோம்" என்றேன். ஒருவன் செய்த காக்கை அலகின் சுமையால் குப்புற விழுந்தது. வாலைத் தடிப்பாக்கி அதனை அவனே நிறுத்திவிட்டான்; எடையைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொன்னேனில்லை.

ஒரு சிறுமி கிழவியைச் செய்தாள். கூன் முதுகு, அடுப்பு, எண்ணெய்ச் சட்டி, அருகே சுள்ளிக்கட்டு எல்லாம் இருந்தன. அவள் பாட்டி தெருமுனையிற் பணியாரம் சுட்டு விற்பவர். மறுநாள் ஆட்டம் முடிந்து, நரி வடையோடு ஓடியதும் அனைவரும் கைதட்டி அமர்ந்தனர். அவள் மட்டும் அமரவில்லை. "எங்க வடைக்கு யாரு காசு குடுப்பா?" என்றாள்.

கிரேக்க ஈசாப்பின் கதையில் காக்கை கவ்வியது பாலடைக்கட்டி. அது யாருடையது என்ற பேச்சே அங்கில்லை. அதில் வடை சுடும் கிழவியைச் சேர்த்தது நம் நாடு. சேர்த்தும் என்ன? முதல் வரிக்குப் பின் அவளை மறந்தோம். புகழ்ச்சிக்கு மயங்காதே என்று அறவுரை கூறி முடிக்கின்றோம். இத்தனை ஆண்டுகள் இக்கதையைச் சொல்லிய எனக்குத் தோன்றாத வினா, மண்ணைப் பிசைந்த அவ்விரு கைகளுக்குத் தோன்றிற்று.

நான் செய்தது என்ன? "குடுப்பா அன்று, கொடுப்பார் என்று சொல்" என்று திருத்தினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்று முழுதும் திறக்கவில்லை.

தூய தமிழே மூச்செனக் கொண்ட நம்மனோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வினாவில் அயற்சொல் ஒன்றேனும் உண்டா? கொச்சையை எழுத்துப் பாடத்தில் திருத்துவோம். அதற்குக் காலம் உண்டு. பரிதிமாற் கலைஞரும் தம் வடமொழிப் பெயரைத் தமிழாக்கிக்கொண்டது வளர்ந்து புலமை பெற்ற பின்னரே அன்றோ? நாம் சினக்க வேண்டிய இடம் வேறு. பள்ளி ஆண்டுவிழாக்களில் ஒலிப்பெட்டி அயன்மொழியிற் பேச, வாடகை உடையணிந்த பிள்ளை வாயை மட்டும் அசைக்கின்றது. அதற்குப் பெற்றோர் பூரிக்கின்றனர்!

மதுரையில் 1918-இல் சங்கரதாசு அடிகள் கண்ட சிறுவர் நாடகக் குழுவில் ஔவை சண்முகம் ஆறு அகவையிற் சேர்ந்தார். அங்கே நாடகம் தொழில், மனப்பாடம் இன்றியமையாதது. வகுப்பறை அத்தகையதன்று. 2022-இல் அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்புகளிற் கதைக்கும் பாடலுக்கும் பாவைக்கும் இடம் தந்தமை நன்று. எனினும், அச்சிட்ட முகமூடிக்கு வண்ணந் தீட்டச் செய்துவிட்டு அதனைக் கைவினை என்று எழுதிக்கொள்வதை நான் ஒப்பேன்.

மறு கிழமை அதே கதையை மீண்டும் ஆடினோம். பிள்ளைகள் காக்கையைச் சுள்ளி பொறுக்கி வரச் செய்தனர். நரியை உளுந்தாட்ட உட்கார வைத்தனர். பார்வையிட வந்த ஒருவர், "கதையின் அறவுரை என்னாயிற்று?" என்று என்னைக் கேட்டார். அப்போது கிழவி நரியிடம், "இன்னுங் கொஞ்சம் நைசா ஆட்டு" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். 'நைசு' நம் சொல் அன்று. பலகணியருகே வாய் திறவாது நின்றேன்.