எருக்குழியின் உஷ்ணம்

அரக்கோணம் வட்டத்து நிலச்சுவான்தார்களில் இருவகைக் கவலையுடையோரை அடிக்கடி காண்கிறோம். எருக்குழியைக் கிளறியவுடன் ஆவி எழுவதைக் கண்டு, "சத்தெல்லாம் வெந்து போகிறதே" என்று குடம் குடமாய் நீரூற்றி அவித்துவிடுவோர் ஒரு சாரார். குழி சூடேறவில்லையென்று கற்சுண்ணாம்பைக் கொட்டி நீர் தெளித்து, ஆவி கிளம்பியதும் குப்பை மக்கத் தொடங்கிற்றென்று திருப்தியடைவோர் மற்றொரு சாரார். முன்னவர் தவற்றால் காலம் வீணாகும். பின்னவர் தவற்றாலோ எருவே வீணாகும்.

ரசாயன மாறுதல் எதுவாயினும் உஷ்ணத்தை வெளிவிடும், அல்லது உட்கொள்ளும். காளவாயில் சுண்ணாம்புக்கல் உஷ்ணத்தை உட்கொண்டு கரியமில வாயுவை இழக்கிறது. உட்கொண்டதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை, நீர் பட்டு நீறும்போது திருப்பிக் கொடுக்கிறது. எஞ்சியதை, சுவரிற் பூசியபின் காற்றிலுள்ள அவ்வாயுவை மீண்டும் ஏற்றுக் கல்லாய் இறுகுங்காலத்தில் சிறுகச் சிறுக விடுகிறது. சுத்தமான கற்சுண்ணாம்பு 1 கிலோ நீறும்போது பிறக்கும் உஷ்ணம் 3 லிட்டர் நீரைக் கொதிநிலைக்கு ஏற்றப் போதும். ஆகவே சுண்ணாம்பிட்ட குழியிற் கண்ட ஆவி, காளவாய் கொடுத்த கடன் திரும்பியதேயன்றி, குப்பை மக்கியதற்கு அடையாளமன்று. (வாளி நீரில் யூரியாவைக் கரைக்கும்போது வாளி சில்லிடுவது இதற்கு நேர்மாறு; யூரியா நீரின் உஷ்ணத்தை எடுத்துக்கொண்டே கரைகிறது.)

மக்கும் குப்பையின் உஷ்ணம் வேறு. அடுப்பில் விறகு எரிவதும் குழியிற் சருகு மக்குவதும் ரசாயன முறைப்படி ஒரே காரியம். இரண்டிலும் கரிப்பொருள் பிராணவாயுவோடு சேர்ந்து கரியமில வாயுவாகிறது. அடுப்பில் நிமிஷங்களில் முடிவதைக் குழியில் நுண்ணுயிர்கள் வாரக்கணக்கில் நடத்துகின்றன. காற்றும் ஈரமும் போதியபடி இருந்தால் சில நாட்களில் உஷ்ணம் 55 முதல் 65 டிகிரி வரை ஏறும். அந்நிலை நீடித்தால் களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் மடியும். 70 டிகிரியைத் தாண்டினால் மாத்திரம், வேலை செய்யும் உயிர்களும் மடியுமாதலால், கிளறி நீர் தெளிப்பது தகும். ஆல்பர்ட் ஹோவார்டு இந்தூரில் ஆராய்ந்து 1931-ல் வெளியிட்ட முறையில் குழியைத் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னது இக்காற்றுக்காகவே. குப்பை பாதியாய்க் குறைவது கண்டு வருந்தவேண்டியதில்லை. போவது பெரும்பாலும் கரிப்பொருளே. காக்கவேண்டியது நைட்ரஜன்.

அதைத் துரத்துவதில் சுண்ணாம்புக்கு நிகரில்லை. சாணமும் மூத்திரமும் உள்ள குழியில் சுண்ணாம்பு சேர்ந்தவுடன் அம்மோனியா ஆவியாய்ப் பறக்கும், மூக்கே சாட்சி. ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பதனிடுஞ் சாலைகளின் கழிவுச் சுண்ணாம்பு இனாமாய்க் கிடைப்பினும் வேண்டாம். மயிர் நீக்கச் சேர்த்த சோடியம் சல்பைடும் தோலுக்கிட்ட உப்பும் அதிற் கலந்திருக்கும். பாலாற்றுப் பக்கத்து நிலங்கள் உப்பால் பட்டது போதாதா?

ஏதேனும் சேர்த்தே தீரவேண்டுமென்போர் சூப்பர் பாஸ்பேட்டைச் சேர்ப்பாராக. இந்தியாவில் அவ்வுரத்தை முதலிற் செய்த தொழிற்சாலை 1906-ல் நம் இராணிப்பேட்டையிலேயே ஏற்பட்டது. பாஸ்பேட்டுக் கற்பொடியின்மேல் கந்தகத் திராவகம் பட்டதும், நெருப்பின்றியே கலவை கொதித்து, உறைந்து, பின் சில வாரங்கள் குவியலாய்க் கிடந்து பதப்படுகிறது. எருவோடு சேர்ந்தால் அம்மோனியாவைப் பிடித்துவைக்கும். மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 750 கிலோ தொழுவுரத்தில், பயிருக்குரிய சூப்பரைக் கலந்து, ஒரு மாதம் நிழலில் வைத்து இடும்படி கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சிபாரிசு செய்கின்றனர்.

கிராம அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏரிக்கரைச் சருகையும் தெருக்குப்பையையும் கொளுத்துவது துப்புரவென்று கருதப்படுகிறது. அந்த உஷ்ணத்தோடு நைட்ரஜனும் ஆகாயத்துக்குப் போகிறது. பிளாஸ்டிக்கைப் பொறுக்கியெடுத்து, ஊராட்சி நிலத்தில் இரண்டு குழி வெட்டி நிரப்புவதில் என்ன கஷ்டமோ, நமக்கு விளங்கவில்லை.

குழி சரியாய் நடக்கிறதா என்றறிய, ஓர் இரும்புக் கம்பியை நடுவே செருகிக் கால்மணி நேரங்கழித்து உருவுக. கையிற் பிடிக்கமுடியாத சூடிருந்தால் நலம். சூடின்றி ஈரமாய் நாறினால் காற்றில்லை; கிளறுக. சூடின்றி உலர்ந்திருந்தால் நீர் தெளிக்க. அரைகுறையாய் மக்கியதை வயலிலிட்டால், நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனையே எடுத்துக்கொள்ள, இளம்பயிர் வெளுக்கும். திருப்பிப் போட்டு ஈரமிட்ட பின்னும் சூடேறாமல் மண்வாசனை வீசினால், வண்டியேற்றலாம்.